கண்ணில் டார்ச் அடித்து டாக்டர் எதைப் பார்க்கிறார்? யார் இந்த ஆர்கைல் ராபர்ட்சன்?

தலையில் அடிபட்டோ, மயங்கி விழுந்தோ ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் கண்ணைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்ப்பார். எதுக்கு? வெளிச்சம் பட்டதும் கண்பாப்பா சுருங்க வேண்டும். சுருங்கலைன்னா கோளாறு மூளையிலோ நரம்பிலோ இருக்கலாம். இந்த அறிகுறிகளில் ஒன்றுக்கு இன்றும் ஒரு டாக்டரின் பெயர் இருக்கிறது. அவர்தான் டக்ளஸ் ஆர்கைல் ராபர்ட்சன்.

யார் இவர்?

1837-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர்தான். 20 வயதில் மருத்துவப் பட்டம் பெற்று, பெர்லினுக்குப் போய் கண் மருத்துவம் கற்றார்.

தன் கண்ணிலேயே சோதனை

மேற்கு ஆப்பிரிக்காவில், ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று சோதிக்கக் கொடுக்கப்பட்டது காலபார் என்ற விஷக்கொட்டை. அதன் சாற்றைத் தன் கண்ணிலேயே விட்டுப் பார்த்தார் ராபர்ட்சன். கண்பாப்பா சின்னப் புள்ளியாகச் சுருங்கிப்போனது. 1863-ல் இதை வெளியிட்டார். கண் அழுத்த நோய்க்கு அதிலிருந்து பின்னாளில் மருந்தே வந்தது.

1869-ல் என்ன கண்டுபிடித்தார்?

தண்டுவட நோயால் நடை தடுமாறிய சிலரின் கண்ணைப் பரிசோதித்தார். பார்வை நன்றாகவே இருந்தது. ஆனால் வெளிச்சம் அடித்தால் கண்பாப்பா அசையவே இல்லை. பக்கத்தில் இருக்கும் பொருளைப் பார்க்கச் சொன்னால் மட்டும் சுருங்கியது!

அப்படின்னா, சுருக்கும் தசை நல்லாத்தான் இருக்கு. வெளிச்சத்துக்குப் பதில் கொடுக்கும் நரம்புப் பாதையில்தான் கோளாறு. ஸ்கேன் இல்லாத காலத்தில், உடலைத் திறக்காமலே நரம்பு நோயைக் காட்டிக்கொடுத்தது கண்பாப்பா.

இதற்கு முக்கியக் காரணம் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்பது பின்னாளில்தான் உறுதியானது. ராபர்ட்சனால் நோயைக் கண்டுபிடிக்க முடிந்தது, குணப்படுத்த மருந்து இல்லை. 1940-களில் பென்சிலின் வந்த பிறகே நிலைமை மாறியது.

இந்தியாவில் முடிந்த வாழ்க்கை

குஜராத்தின் கோண்டல் சமஸ்தான மன்னர் பகவத்சிங்ஜி, எடின்பரோவில் மருத்துவம் படித்தவர், ராபர்ட்சனின் நண்பர். அவரைப் பார்க்க வந்த ராபர்ட்சன், 1909 ஜனவரி 3-ம் தேதி கோண்டலிலேயே காலமானார். வயது 71. ஆற்றங்கரையில் சிதைக்குத் தீ மூட்டியவர் மன்னரேதான்.

நாம் கவனிக்க வேண்டியது

திடீரென ஒரு கண்பாப்பா மட்டும் பெரிதாகி, கூடவே கடும் தலைவலியோ இமை தொங்குவதோ இருந்தால், காலையில் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.