ஆலன் டூரிங்

நுழையும்முன்

மாலையில் சங்கராபுரத்து வங்கிக் கிளை பூட்டப்படுகிறது. அதன்பின்னும் கல்வராயன் மலை உழவரின் சேமிப்புக் கணக்கில் அன்றைய இருப்புக்கு வட்டி கணக்கிடப்படுகிறது. குறித்த நேரத்தில், எவரும் ஏவாமலே கணினி பின்னணியில் செய்யும் பணி அது. இத்தகைய பணிகளுக்கு அடித்தளமிட்ட அறிஞர்களுள் ஒருவரின் வாழ்வை அறிவோம்.

இளமை

ஆலன் டூரிங் 1912 ஜூன் 23 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தை சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி அலுவலர். தாயார் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவில் வாழ்ந்தமையால் டூரிங்கும் தமையனாரும் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தனர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற டூரிங், கட்டளைகளாக எழுதத்தக்க எக்கணக்கையும் செய்யவல்ல பொதுப்பொறி ஒன்றை 1936-இல் தம் ஆய்வுரையில் உருவகித்தார்.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் எனிக்மா என்னும் மறைகுறிப் பொறியின் அமைப்பை நாள்தோறும் மாற்றினர். அதனை விரைந்து கண்டறியாவிடில், அட்லாண்டிக் கடலில் கப்பல்களும் மாலுமிகளும் மூழ்க நேரும். டூரிங் வடிவமைத்து, கார்டன் வெல்ச்மன் செம்மைப்படுத்திய தேடுபொறிகள் 1940 முதல் இப்பணிக்கு உதவின. இவ்வரிய தொண்டு பல்லாண்டுகள் அரசு மறைபொருளாகவே இருந்தது.

பின்னணிப் பணி

1945-இன் இறுதியில் டூரிங் மின்னணுக் கணினி ஒன்றின் வடிவமைப்பை எழுதினார். ஒரு பணியை இடையில் நிறுத்தி, விட்ட இடத்தை நினைவகத்தில் 'புதைத்து'வைத்து, துணைநிரலை முடித்தபின் அவ்விடத்தை மீட்டுத் தொடரும் முறை அதில் இருந்தது. இன்றைய கணினி பல பணிகளை மாறிமாறிச் செய்வதற்கும் விட்ட இடத்தை நினைவில் வைப்பதே அடிப்படை. 1970-களில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் தோன்றிய 'கிரான்' நிரல், அட்டவணையைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, நேரம் வந்ததும் உரிய பணியைத் தொடங்கிவைத்தது. இத்தகைய பணியை எழுதுவோர் மூன்றைத் தெளிவாக்க வேண்டும்: தொடங்கும் நேரம், செய்யவேண்டிய செயல், முடிவைப் பதியும் இடம். கண்காணிக்க எவருமில்லாத வேளையில் நேரும் பிழையைப் பதிவேடே காட்டும்.

இறுதிக்காலம்

தன்பாலீர்ப்பைக் குற்றமாகக் கருதிய அக்காலச் சட்டம் 1952-இல் டூரிங்கைத் தண்டித்தது. 1954 ஜூன் 7 அன்று, 41 வயதில், அவர் மறைந்தார். பிரித்தானிய அரசு 2009-இல் வருத்தம் தெரிவித்தது. 2013-இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. அறிஞரின் உழைப்பால் பயன்பெறும் சமுதாயம், அவர் வாழும்போதே அவரை மனிதராக மதித்தல் வேண்டும்.