சினம் மிக்க வேட்பாளர்

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு சிறிய தேநீர்க் கடை உண்டு. காரியவட்டம் செல்லும் பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையில் நாள்தோறும் அங்கேதான் தேநீர் அருந்துவேன். 2024 செப்டம்பர் 11ஆம் நாள் காலை அங்கே வழக்கத்தை மீறிய கூட்டம். ஒருவருடைய கைப்பேசியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்பும் கமலா ஹாரிசும் சொற்போர் நிகழ்த்தினர். ஆங்கிலம் முழுதும் விளங்காதவர்களும் தீர்ப்பு வழங்கத் தயங்கவில்லை. ஒருவர் முகத்தில் கடுகடுப்பு. மற்றவர் முகத்தில் புன்னகை. அவ்வளவுதான், வழக்கு முடிந்துவிட்டது.

எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் மட்டும் மெல்லச் சிரித்தார். இவர்களையெல்லாம்விடச் சினம் மிக்க ஒருவருக்குத்தான் நாடாளுமன்றத் தேர்தலில் தம் முதல் வாக்கை இந்த ஊரில் அளித்ததாகச் சொன்னார். அந்தச் சினம் மிக்கவர் வி. கே. கிருஷ்ண மேனன். அன்றிலிருந்து அவர் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தேன்.

1896இல் மலபாரில் பிறந்த மேனன், நம் சென்னையின் மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றவர். அன்னி பெசன்ட் அம்மையாரின் தொண்டர்களுள் ஒருவராகி, 1924இல் இங்கிலாந்து சென்றார். சில காலம் தங்கச் சென்றவர், ஏறத்தாழ கால் நூற்றாண்டு இலண்டனிலேயே வாழ்ந்தார். இந்தியா லீக் என்னும் அமைப்பை நடத்தி, ஆங்கில மக்களிடையே நம் விடுதலைக்காக ஓயாது பேசினார். புகழ்பெற்ற பெலிக்கன் நூல் வரிசையின் தொடக்கப் பதிப்பாசிரியர்களுள் அவரும் ஒருவர். 1934 முதல் 1947 வரை செயின்ட் பேங்கிராஸ் நகர மன்ற உறுப்பினராக இருந்து, அந்த ஏழைப் பகுதிக்கு நூலகப் பணி செய்தார். தேநீரும் பன்னுமே அவருடைய உணவு. ஆனால் நாக்கு மட்டும் நெருப்பு. உடன் உழைத்தவர்களே அந்த நெருப்பில் முதலில் வெந்தார்கள்.

நாடு விடுதலை பெற்றபின் இலண்டனில் நம் தூதராக இருந்தார். பிறகு ஐக்கிய நாடுகள் அவையில் நம் குரலானார். 1957 சனவரியில் காசுமீரச் சிக்கல் பற்றிப் பாதுகாப்பு அவையில் இரண்டு நாட்களாக ஏறத்தாழ எட்டு மணி நேரம் பேசினார். உடல் தளர்ந்து மயங்கி விழுந்தார். பின்பு மருத்துவர் துணையோடு வந்து பேசி முடித்தார். அவையின் தீர்மானம் நமக்கு மாறாகவே அமைந்தது. மேனாட்டார் அவரைச் செருக்கர் என்றனர். இங்கே மக்கள் அவரை வீரர் என்றனர். வட பம்பாய்த் தொகுதியில் அதே ஆண்டு வெற்றியும் தந்தனர். பேச்சு ஒன்றுதான், பேசியவரின் குணமும் ஒன்றுதான். பார்த்த கண்கள்தாம் வேறு!

பாதுகாப்பு அமைச்சராக அவர் செய்தவற்றுள் சில இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. ஆவடியின் பீரங்கி வண்டித் தொழிற்சாலை அவர் காலத்தில் எழுந்தது. 1962இல் தொடங்கிய கழக்கூட்டம் சைனிக் பள்ளி, நான் பயிலும் காரியவட்டத்துக்கு அண்மையில்தான் உள்ளது. ஆனால் அவர் குணத்தால் விளைந்த கேட்டையும் மறைக்கலாகாது. படைத்தலைவர் திம்மய்யா அவரோடு முரண்பட்டு, 1959இல் பதவி விலகல் கடிதமே கொடுத்தார். நேரு வேண்டிக்கொண்டதால் திரும்பப் பெற்றார். 1962இல் சீனப் படை எல்லை தாண்டியபோது நாடு ஆயத்தமாக இல்லை. பழி மேனன் மீது விழுந்தது. ஆதரவு காட்டப் பலர் இல்லை. நாவினால் சுட்ட புண்கள் பல இருந்தன. அமைச்சர் பதவி போயிற்று.

1967இல் காங்கிரசு அவருக்கு இடம் தர மறுத்தது. வடகிழக்குப் பம்பாயில் சுயேச்சையாக நின்றார். சிவசேனை தென்னாட்டார்க்கு எதிராக முழங்கிய காலம் அது. வேறு மாநிலத்தில் வாழும் தமிழனாகிய எனக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நெஞ்சு கனத்தது. மேனன் தோற்றார், அதே தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது, அதிலும் தோற்றார். எழுபது வயதைத் தாண்டியவர் ஓய்ந்திருக்கலாம். ஓயவில்லை. 1969இல் வங்கத்தின் மிதுனாப்பூரில் நின்று வென்றார். 1971இல் இடதுசாரிகளின் ஆதரவோடு திருவனந்தபுரத்தில் வென்றார். இந்த ஊரின் உறுப்பினராக இருந்தபோதே, 1974 அக்டோபர் 6ஆம் நாள் மறைந்தார்.

இங்கே வியப்பான ஓர் ஒற்றுமையைக் காண்கிறேன். தம்பானூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் நாகர்கோவில். 1967இல் விருதுநகரில் தோற்ற காமராசர், 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்றார்; 1971இலும் அங்கேயே வென்றார். பேசிக்கொண்டே இருந்த ஒருவரையும், பேசாமலே இருந்த ஒருவரையும் அண்டைத் தொகுதிகள் இரண்டும் ஒரே தேர்தலில் தேர்ந்தெடுத்தன! இருவரையும் இன்றைய ஒளிவிளக்கின்முன் நிறுத்தினால் என்ன ஆகும்? ஒருவரைக் கடுமையானவர் என்போம். மற்றவரை மந்தமானவர் என்போம். நல்லவேளையாக, சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்டில். மேனன் அப்போது இல்லை, காமராசரும் இரண்டு மாதத்திற்குள் மறைந்தார்.

1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் வாதிட்டபோது, நோயிலிருந்து அண்மையில் எழுந்த நிக்சனின் வெளிறிய முகமே அவரைக் கெடுத்தது என்பார்கள். வானொலியில் கேட்டவர்கள் நிக்சனே வென்றார் என்றனராம். அதற்குச் சான்று மிகக் குறைவு. ஆனால் எட்டாண்டு கழித்து அதே நிக்சன் வென்றார். அவருடைய உண்மைக் குணத்தை நாடு அறிந்து, அவர் 1974இல் பதவி விலக, மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. முகம் வெளுத்திருந்ததைக் காட்டிய கருவி அகத்தைக் காட்டவில்லை.

குணத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேனனின் சினம் சிறு குறையன்று. நாட்டுக்கே அது விலை வைத்தது. ஆனால் சினம் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தோல்விக்குப் பின்னும் நிமிர்ந்து நிற்கும் உறுதி தெரிய ஆண்டுகள் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவு எழுதினால் எங்கள் ஆசிரியர் ஏட்டைத் திருப்பி வீசுவார். தேர்தலில் மட்டும் நாம் ஒரே அளவீட்டோடு அமைந்துவிடுகிறோம். வள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆளைத் தெரிந்து தெளிவதற்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். முதலதை வேட்பாளர் படிக்கட்டும்; இரண்டாவது நமக்கு உரியது.

சென்ற ஆண்டு மாணவர் தேர்தலில் இருவர் போட்டியிட்டனர். கேள்விக்குச் சிடுசிடுத்தவரை விட்டு, சிரித்தவருக்கு வாக்களித்தேன். சிரித்தவர் என்ன சொன்னார் என்பது இன்று எனக்கு நினைவில்லை. சிடுசிடுத்தவர் சொன்னது நினைவிருக்கிறது: மாலைப் பேருந்து போதவில்லை என்றார். நாள்தோறும் மாலையில், நெரிசலில் நின்றுகொண்டே தம்பானூர் திரும்பும்போது அதை எண்ணிக்கொள்கிறேன்.