ம. சிங்காரவேலரின் மானுடநேயம்

பழவேற்காட்டு ஏரிக்கரைப் பசியாவரம் முதலாகத் தெற்கு நோக்கி நீளும் மீனவக் குடியிருப்புகளுள் ஒன்று சென்னை அயோத்தியாகுப்பம். அங்கு மீனவக் குடும்பமொன்றில் 1860 பிப்ரவரி 18ஆம் நாள் பிறந்தவர் ம. சிங்காரவேலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்ட அவர், பின்னர் வழக்கறிஞரானார். கடவுளை முன்னிறுத்தாத அறம் இயலும் என்பதற்குப் பௌத்தம் அவருக்குச் சான்றாயிற்று. எனினும் இரக்கம் மட்டுமே துன்பத்தை நீக்காது என்பதை அவருடைய பிற்காலச் செயல்கள் உணர்த்துகின்றன. 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது தொழிலைத் துறந்தார். 1923இல் இந்தியாவின் முதல் மே நாளைச் சென்னையில் கொண்டாடினார். 1925இல் கான்பூர்ப் பொதுவுடைமையர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928இன் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தை ஆதரித்துச் சிறை சென்றார்.

பின்னர்க் ‘குடிஅரசு’ இதழில் அறிவியல், நாத்திகம், சமதர்மம் ஆகியன குறித்து எழுதினார். வறுமை ஒழிப்போடு இணையாத கடவுள் மறுப்பு முழுமையுறாது என்னும் அவரது நிலைப்பாடு 1932இன் ஈரோட்டுத் திட்டத்தில் தடம் பதித்தது. அத்திட்டத்தைச் சுயமரியாதை இயக்கம் பின்னர்க் கைவிட்டபோதும் அவர் தம் நிலையினின்று மாறவில்லை. 1946 பிப்ரவரி 11 அன்று மறைந்தார். மானுடத் துயரின் காரணத்தை மண்ணிலேயே தேடியதும், அதனை மாற்றும் பொறுப்பை மனிதரிடமே வைத்ததும் அவருடைய மானுடநேயத்தின் சாரமாகும்.