பெயரின்றி வந்த பெருநூல்

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

நூலக வகுப்பு என்றாலே எங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அந்த அமைதியான அறை சந்தைக்கடையாக மாறிவிட்டது. விஞ்ஞான நாவல்களுள் தலைசிறந்தது எது என்று எங்களுக்குள் ஒரு சர்ச்சை மூண்டுவிட்டது. நீர்மூழ்கிக் கப்பலில் நம்மை ஏற்றி ஆழ்கடலைச் சுற்றிக் காட்டிய ஜூல்ஸ் வெர்னுக்கே முதலிடம் என்றது ஒரு கட்சி. 1895ஆம் ஆண்டிலேயே கால இயந்திரத்தைக் கற்பனை செய்த எச்.ஜி.வெல்ஸ்தான் சக்கரவர்த்தி என்றது மறு கட்சி. இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பு நகரில் மறைந்த ஆர்தர் கிளார்க்கை மறக்கலாமா என்று கேட்டாள் ஒருத்தி. நம் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வுக்கு ஈடு உண்டா என்று மேசையைத் தட்டினாள் இன்னொருத்தி.

நூலகப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரி எல்லாவற்றையும் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இத்தனை பெயர்களைச் சொன்னீர்களே, இவற்றுள் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லையே, ஏன் என்றார். வகுப்பு கப்சிப்! அலமாரியிலிருந்து பழுப்பேறிய புத்தகம் ஒன்றை எடுத்து எங்கள் முன் வைத்தார். ‘பிராங்கன்ஸ்டைன்’ என்றிருந்தது. இது பேய்ப்படக் கதையல்லவா என்று நாங்கள் சிரித்தோம். இதை எழுதத் தொடங்கியபோது ஆசிரியைக்கு வயது பதினெட்டு என்று அவர் சொன்னதும் எங்கள் சிரிப்பு நின்றது. எங்களைவிட மூன்றே வயது மூத்தவள்! அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

1797ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் லண்டன் மாநகரில் மேரி பிறந்தாள். அவளுடைய தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், ஆண்களைப் போலவே பெண்களுக்கும் கல்வி வேண்டும் என்று 1792இலேயே நூல் எழுதி வாதாடிய வீராங்கனை. தந்தை வில்லியம் காட்வின் பெயர்பெற்ற சிந்தனையாளர். ஆனால் குழந்தை பிறந்த பதினோராம் நாளே பிரசவக் காய்ச்சல் தாயைக் கொண்டுபோய்விட்டது. தாயின் முகத்தை மேரி அறியவே இல்லை. கல்லறையில் பொறித்திருந்த தாயின் பெயரை விரலால் தடவித் தடவியே அவள் எழுத்துக் கற்றாள் என்பர். கல்லில் இருந்ததும் மேரி, கற்றவளும் மேரி!

நான்கு வயதில் சிற்றன்னை வந்தாள். மேரிக்கு முறையான பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. தந்தையின் புத்தக அலமாரியே அவளுக்குப் பள்ளிக்கூடம். அறிஞர்களும் கவிஞர்களும் அந்த வீட்டுக்கு வருவார்கள். கவிஞர் கோல்ரிட்ஜ் ஒருநாள் தம் கடற்பயணக் கவிதையைப் படித்துக் காட்டியபோது, உறங்கப் போகாமல் சோபாவின் மறைவில் பதுங்கியிருந்து சிறுமி மேரி கேட்டாள் என்று கூறுவர். கேள்விச் செல்வம் என்பது இதுதானோ!

பதினாறாம் வயதில் மேரி ஒரு முடிவெடுத்தாள். தந்தையின் சொல்லை மீறி, ஏற்கெனவே மணமாகியிருந்த இளங்கவிஞர் பெர்சி ஷெல்லியுடன் 1814ஆம் ஆண்டு ஜூலை மாதம் வீட்டைவிட்டு வெளியேறினாள். இதை நியாயப்படுத்த நாங்கள் வரவில்லை. ஒரு வாழ்க்கையைச் சொல்லும்போது அதன் தவறுகளை மறைப்பதும் முறையாகாது. தந்தையின் வீட்டுக் கதவு அவளுக்கு அடைபட்டது. வறுமையும் கடனும் துரத்தின. 1815 பிப்ரவரியில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. குளிர்ந்துபோன அந்தச் சிசுவை நெருப்பருகே வைத்துத் தேய்க்கத் தேய்க்க அது மீண்டும் உயிர்பெற்றதாகக் கனவு கண்டு, விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லையே என்று ஏங்கியதை அவள் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தாள். பின்னால் வரப்போகும் நாவலின் விதை இங்கேயே விழுந்துவிட்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி நாம் சுவிட்சர்லாந்துக்குச் செல்வோம். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய சாம்பலும் புகையும் வானத்தை மறைத்ததால் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வரவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்திருந்தார். ஷெல்லியும் மேரியும் அருகிலேயே தங்கியிருந்தனர். வெளியே ஓயாத மழை, இடி, மின்னல். உள்ளே நண்பர்கள் கணப்பைச் சுற்றி அமர்ந்து பேய்க் கதைகள் படித்தனர். ஆளுக்கொரு கதை எழுதுவோமே என்றார் பைரன்.

பெருங்கவிஞர்கள் இருவரும் தொடங்கியதை விரைவில் கைவிட்டனர். மேரிக்கோ கதையே தோன்றவில்லை. காலைதோறும் கதை கிடைத்ததா என்று கேட்பார்கள், இல்லையென்று தலைகுனிவாள். கட்டுரை நோட்டை வெறுமையாக வைத்துக்கொண்டு ஆசிரியை முன் நின்ற அனுபவம் நமக்கும் உண்டல்லவா? ஓரிரவு உயிரின் இரகசியம் பற்றிப் பேச்சு எழுந்தது. இறந்த தவளையின் கால்கள் மின்சாரம் பட்டதும் துடிப்பதை இத்தாலிய விஞ்ஞானி கால்வானி முன்னரே காட்டியிருந்தார். 1803இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலிலும் அத்தகைய சோதனை நடந்திருந்தது. ஆண்கள் பேசினார்கள், மேரி மௌனமாகக் கேட்டாள். படுத்தவளுக்கு உறக்கமும் விழிப்புமற்ற நிலையில் ஒரு காட்சி. தான் பொருத்திய உடல் அசைவதைக் கண்டு ஒரு மாணவன் நடுங்கி நிற்கிறான்! கதை பிறந்துவிட்டது.

அக்கதையைச் சுருக்கமாகக் காண்போம். விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் இளைஞன் உயிரற்ற உடலுக்கு உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்த மறுகணமே அதன் கோர உருவத்துக்கு அஞ்சி ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அந்தப் பிறவி காட்டில் அலைகிறது. ஒரு ஏழைக் குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்து, சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே பேசவும் படிக்கவும் கற்றுக்கொள்கிறது. யாரும் அறியாமல் அவர்களுக்கு விறகு சேர்த்துக் கொடுக்கிறது. அன்பை நாடி அவர்கள் முன் வந்ததும் அடித்துத் துரத்துகிறார்கள். அதன்பின்னரே அதன் நெஞ்சில் நஞ்சு ஊறுகிறது. பழிக்குப் பழி என்று கொலைகள் தொடர்கின்றன. கடைசியில் படைத்தவனும் படைக்கப்பட்டதும் வடதுருவப் பனிவெளியில் ஒருவரையொருவர் துரத்துகின்றனர்.

தோழியரே, ஒரு உண்மையைக் கவனித்தீர்களா? பிராங்கன்ஸ்டைன் என்பது அரக்கனின் பெயரன்று. அவனைப் படைத்தவனின் பெயர். 1931இல் வந்த திரைப்படம் புகழ்பெற்ற பிறகு அந்தப் பெயர் அரக்கனுக்கே ஒட்டிக்கொண்டது. நாவலில் அந்தப் பிறவிக்குப் பெயரே கிடையாது. பெற்றவன் பெயரிடாமலே ஓடிவிட்டான்! விஞ்ஞானம் தீயது என்று மேரி சொல்லவில்லை. உண்டாக்கியவன் தான் உண்டாக்கியதை விட்டு ஓடக்கூடாது என்றே சொன்னாள். தாயில்லாமல் வளர்ந்தவளுக்கும், பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் அது தெரியாதா என்ன?

1818 ஜனவரி முதல் நாள் மூன்று பாகங்களாக, ஐந்நூறே பிரதிகளாக அந்நூல் வெளிவந்தது. பெயரில்லாத பிறவியின் கதை, ஆசிரியரின் பெயரில்லாமலே வந்தது! முன்னுரையை எழுதியவர் ஷெல்லி. 1816 டிசம்பரில் மேரியை முறைப்படி மணந்துகொண்டிருந்த அவரே நாவலையும் எழுதியிருப்பார் என்று பலர் எண்ணினர். புகழ்பெற்ற நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட்டும் அப்படியே கருதினார். இத்தனை ஆழமாக ஒரு பெண்ணால் எழுத முடியுமா என்பதே பலருடைய ஐயம். மேரியின் கையெழுத்துப் பிரதி இன்றும் ஆக்ஸ்போர்டு நகரின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது. எழுத்து மேரியுடையது, இடையிடையே கணவரின் திருத்தங்கள். எங்கள் கட்டுரைகளிலும் ஆசிரியை சிவப்பு மையால் திருத்துகிறார். அதனால் கட்டுரை அவருடையதாகிவிடுமா?

இந்த இடத்தில் நாங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு எங்களுள் ஒருத்தி ஒரு கதை எழுதினாள். மிக நன்றாக இருந்தது. அதுவே குற்றமாகிவிட்டது. அண்ணன் எழுதிக் கொடுத்தானா என்று கேட்டவர்கள் பலர். கேட்டவர்கள் வேறு யாருமல்லர், நாங்களேதான். அவள் மறுமொழி கூறவில்லை. அதன்பின் எழுதவும் இல்லை. மேரியின் வரலாற்றைப் படித்தபோது இந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் நாங்கள் வெட்கித் தலைகுனிந்தோம்.

மேரிக்கு நேர்ந்த துன்பங்கள் ஒன்றா இரண்டா! 1818இல் வெனிஸ் நகரில் ஒரு வயது மகள் கிளாரா இறந்தாள். அடுத்த ஆண்டே ரோமாபுரியில் மூன்று வயது மகன் வில்லியம் காய்ச்சலில் இறந்தான். 1822 ஜூலை 8ஆம் நாள் இத்தாலியக் கடலில் புயல் எழுந்து படகு மூழ்கியதில் கணவரும் மறைந்தார். இருபத்தைந்து வயது நிரம்பும் முன்பே விதவையானவர், எஞ்சிய ஒரே மகனுடன் 1823இல் இங்கிலாந்து திரும்பினார். அவ்வாண்டு அவருடைய கதை லண்டனில் நாடகமாக நடந்துகொண்டிருந்தது. நூலின் இரண்டாம் பதிப்பும் வந்தது. அதில்தான் முதன்முதலாக மேரி ஷெல்லி என்ற பெயர் அச்சேறியது.

செல்வந்தரான மாமனார் பேரனுக்காகக் கொடுத்த உதவித்தொகை சொற்பம். அதற்கும் நிபந்தனைகள் பல. தம் குடும்பப் பெயர் ஊர் வாயில் விழுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே பிந்திய நாவல்களில் மேரி அம்மையார் தம் பெயரைப் போடாமல், பிராங்கன்ஸ்டைன் ஆசிரியர் என்று மட்டும் போட்டுக்கொண்டார். நாவல்களும் சிறுகதைகளும் அறிஞர் வரலாறுகளும் எழுதிச் சம்பாதித்தார். 1826இல் வெளியான ‘கடைசி மனிதன்’ என்ற நாவலில், இருபத்தோராம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோயால் மனித இனமே அழிவதாக எழுதினார். 2020இல் கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது அந்நூலைப் பலரும் நினைவுகூர்ந்தனர். மகனைக் கேம்பிரிட்ஜ் வரை படிக்க வைத்தார். கணவரின் கவிதைகளை அரும்பாடுபட்டுத் தொகுத்து, குறிப்புகளுடன் 1839இல் வெளியிட்டார். விக்டர் தன் படைப்பை விட்டு ஓடினான். மேரி அம்மையாரோ தம் பொறுப்பில் இருந்த எதையும் விட்டு ஓடவில்லை. 1851 பிப்ரவரி முதல் நாள் தமது 53ஆம் வயதில் அவர் லண்டனில் காலமானார். போர்ன்மவுத் நகரில் அவரை அடக்கம் செய்து, தாய் தந்தையரின் உடல்களையும் அங்கேயே கொணர்ந்து சேர்த்தனர். பதினோரு நாளில் பிரிந்த தாயோடு மகள் மறுபடியும் சேர்ந்தாள்.

நாங்கள் நூலகத்தில் போட்ட சண்டை உலகெங்கும் நீண்டகாலமாக நடப்பதுதான் என்று பின்னரே அறிந்தோம். 1926இல் ஹ்யூகோ ஜெர்ன்ஸ்பாக் அமெரிக்காவில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற விஞ்ஞானக் கதை இதழைத் தொடங்கினார். எத்தகைய கதைகளை வெளியிடுவோம் என்பதற்கு அவர் வெர்ன், வெல்ஸ், எட்கர் ஆலன் போ ஆகிய மூவரையே எடுத்துக்காட்டினார். மேரியின் பெயரைச் சொல்லவில்லை. வாசகர்கள் கடிதப் பகுதியில் வாதாடினார்கள், மன்றங்கள் அமைத்தார்கள், ஹ்யூகோவின் பெயரால் 1953 முதல் பரிசுகளும் வழங்கினார்கள். 1966இல் எக்காலத்துக்கும் சிறந்த தொடர் என்ற பரிசு ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசைக்குக் கிடைத்தது. 1973இல் ஆங்கில எழுத்தாளர் பிரையன் ஆல்டிஸ் இத்துறையின் வரலாற்றை எழுதியபோது, விஞ்ஞானப் புதினத்தின் தொடக்கமே ‘பிராங்கன்ஸ்டைன்’தான் என்று வாதிட்டார். மந்திரத்தாலன்றி, ஆராய்ச்சியால் உயிர் உண்டாக்கும் கதை என்பது அவர் கருத்து. 1634இல் வெளியான கெப்ளரின் நிலவுப் பயணக் கதையே முந்தியது என்பாரும் உண்டு. சர்ச்சை இன்னும் ஓயவில்லை, ஓயவும் வேண்டாம்.

எங்கள் வகுப்பில் முடிவு என்ன என்று கேட்கிறீர்களா? வெர்ன் கட்சி இன்னும் வெர்ன் கட்சிதான். சுஜாதா கட்சிக்காரி இன்னும் மேசையைத் தட்டுகிறாள். ஆனால் பட்டியலில் இப்போது ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அன்புத் தங்கையரே, நீங்கள் எழுதுங்கள். எழுதியதன் கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள். ஒருத்தி நன்றாக எழுதினால் அது அவள் எழுதியது என்றே நம்புங்கள்.

எங்கள் தோழியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். பரவாயில்லை என்று மட்டும் சொன்னாள். அந்தப் பழுப்பேறிய புத்தகத்தை எங்கள் வகுப்பில் முதலில் வீட்டுக்கு எடுத்துச் சென்றவள் அவளே. அவள் மறுபடி எழுதும் நாளுக்காக நாங்கள் காத்திருக்கிறோம்.