51 மணி நேரம் கடலில் நீந்திய தமிழர்... குளிர்ந்த நீர் மட்டும் ஏன் வேற லெவல் சவால்? ஆழிக்குமரன் ஆனந்தனின் கதை

மார்கழி அதிகாலையில தருமபுரி பக்கம் வாக்கிங் போறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். வீட்டை விட்டு கிளம்பும்போது உடம்பு நடுங்கும். பத்து நிமிஷம் வேகமா நடந்தா, ஸ்வெட்டரைக் கழற்றிடலாம்னு தோணும். காரணம், தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் கால் பங்குதான் அசைவாக மாறுகிறது. மீதி எல்லாம் வெப்பம்.

ஆனா, குளிர்ந்த தண்ணீருக்குள் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். அந்தச் சவாலை நோக்கிப் போன ஒரு தமிழரின் வாழ்க்கை இது.

யார் இந்த ஆனந்தன்?

1943-ல் பிறந்த விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தனின் ஊர், யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறை. தொழிலில் வழக்கறிஞர். 1971-ல் பாக் நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்திக் கடந்து, திரும்பவும் நீந்தியே ஊர் போய்ச் சேர்ந்தார். மொத்தம் 51 மணி நேரம்! 1979-ல் 187 மணி நேரத்துக்கும் மேல் சைக்கிள் ஓட்டினார். 1980-ல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் திரும்பத் திரும்ப இடம்பிடித்தது.

அடுத்த இலக்கு, ஆங்கிலக் கால்வாய். குறுகலான இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். தூரம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் பாக் நீரிணை வெதுவெதுப்பான கடல். கால்வாயிலோ ஆகஸ்ட் மாதத்தில்கூட சுமார் 15 முதல் 18 டிகிரிதான். கூடவே அலையும் நீரோட்டமும். 1984 ஆகஸ்ட் 6, அந்த முயற்சியிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 41.

குளிர்ந்த நீரில் உடம்புக்கு என்ன ஆகுது?

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர் பட்டதும் உடம்பு தோலுக்கும் கை கால்களுக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்து, உள்ளே இருக்கும் வெப்பத்தைக் காப்பாற்றப் பார்க்கும். ஆனால் நீந்தும்போது கை, கால் தசைகளுக்கு ரத்தம் பாய்ந்தே ஆகணும். அந்த வழியாகவே வெப்பமும் வெளியே போய்விடும். தோலை ஒட்டி லேசாகச் சூடான நீரையும் ஒவ்வொரு வீச்சும் கலைத்துவிடுகிறது.

தொடர்ந்து வேகமாக நீந்தும் வரை உற்பத்தியாகும் வெப்பம் ஓரளவு ஈடுகட்டும். களைப்பில் வேகம் குறைந்தால் வெப்பமும் குறையும். குளிர்ந்த தசைகள் வலுவிழக்க, வேகம் இன்னும் குறையும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து.

அப்போ ஃபிட்னஸ் போதாதா?

போதாது. தூரத்துக்குப் பழகிய உடம்பு வேற, குளிருக்குப் பழகிய உடம்பு வேற. அதனால்தான் இன்று கால்வாயை நீந்த விரும்புபவர்கள், 16 டிகிரி அல்லது அதற்கும் குளிரான நீரில் 6 மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அனுமதி.

வாழ்நாள் முழுக்க உடம்பின் எல்லையைச் சோதித்தவர் ஆனந்தன். வல்வெட்டித்துறை இன்றும் அவரை அழைக்கும் பெயர்: ஆழிக்குமரன்.