கூலிக்கு ஒரு கணக்கு

மலாயாவில் இரப்பர் ஒரு தோட்டப் பயிராக வேரூன்றிய மண் மலாக்கா. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் அதனைப் பயிரிட்டார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவிப் பால் சேர்த்தவர்களுள் தமிழர் பலர். 1930களில் தமிழ்த் தொழிலாளரின் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற அளவை ஒட்டியே பேசப்பட்டது. இரப்பர் விலை விழுந்தபோது அதுவும் குறைந்தது. கூலியை முடிவு செய்த மேசையில் சீவியவருக்கு நாற்காலி இல்லை.

அந்த நாற்காலிக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்களுள் முதன்மையானவர் பி.பி. நாராயணன். 1923ஆம் ஆண்டில் கேரளத்தில் பிறந்து, இளமையிலேயே மலாயாவுக்கு வந்தவர் அவர். தாய்மொழி மலையாளம், அவர் பாடுபட்டதோ பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்களுக்காக. போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், மலாக்காவை அடுத்துள்ள நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதில் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 23தான்.

1948இல் அவசரகாலம் வந்தது. சங்கத் தலைவர்கள் பலர் கைதாயினர். சங்கங்கள் பல கலைந்தன. சங்கம் என்று வாய்விட்டுச் சொல்லவே தொழிலாளர் அஞ்சிய காலம் அது. அந்த அச்சத்தைப் போக்கி, மீண்டும் அவர்களை ஒன்றுசேர்ப்பது எளிய வேலையன்று.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தோட்ட முதலாளிமார் நாடு தழுவிய ஒரே சங்கமாக இருந்தனர். தொழிலாளர்களோ மாநிலத்துக்கு ஒன்றாகப் பிரிந்து கிடந்தனர். மலாக்காவிலேயே இரண்டு சங்கங்கள்: ஒன்று மலாக்காத் தோட்ட ஊழியர்களுடையது, மற்றொன்று அலோர் காஜாத் தொழிலாளர்களுடையது. ஒரே வேலைக்கு இங்கொரு கூலி, அங்கொரு கூலி என்றால் பேச்சுவார்த்தையில் யாருக்கு ஆதாயம் என்பது சொல்லாமலே விளங்கும். 1954இல் இவ்விரு சங்கங்களும் நெகிரி செம்பிலான், பேராக், ஜொகூர் ஆகிய மாநிலங்களில் இயங்கியவையும் இணைந்தன. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாராயணன் நெடுங்காலம் அதன் பொதுச் செயலாளராக இருந்தார்.

இனி எதைக் கொண்டு கூலியை அளப்பது? கொரியப் போரின்போது, 1951இல், இரப்பர் பவுண்டுக்கு இரண்டு வெள்ளியையும் தாண்டியது. 1953இல் அது 70 காசுக்கும் கீழே இறங்கியது. விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்று தொழிலாளர் கேட்பது நியாயம். விலை இறங்கும்போது முழுக் கூலி கொடுத்தால் தோட்டம் தாங்காது என்று முதலாளி சொல்வதிலும் பொருளுண்டு. ஆனால் இரப்பர் விலை பாதியானதால் அரிசி விலையும் பாதியாகிவிடுமா? விலையோடு ஏறி இறங்கும் கூலி இருக்கட்டும். அதற்கு அடியில் ஒரு தரை வேண்டும் என்பதே சங்கத்தின் வாதம். மழை பெய்தால் மரம் சீவ முடியாது; சீவாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஆகவே மாதச் சம்பளமும் நீண்ட நாள் கோரிக்கையாயிற்று.

வேலைநிறுத்தத்தைவிட உடன்பாட்டையே நாராயணன் பெரிதும் நம்பினார். அவர் மிகவும் மென்மையாக நடந்துகொள்கிறார் என்று குறைபட்டவர்களும் உண்டு. அந்தக் குறையை முற்றிலும் தள்ளிவிட முடியாது. எனினும், எழுத்தில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைத் தோட்ட நிருவாகி ஒரே நாளில் மாற்றிவிட முடியாதல்லவா?

1962இல் அவருக்கு ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. 1975 முதல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகவும் விளங்கினார்.

1996இல் அவர் மறைந்தபோது மாதச் சம்பளக் கோரிக்கை முழுமையாக நிறைவேறியிருக்கவில்லை. 2011இல் நிறைவேறிய சட்டத்தின்படி அரசு, முதலாளி, தொழிலாளி எனும் முத்தரப்பினரும் அமரும் தேசியச் சம்பள ஆலோசனை மன்றம் அமைந்தது. 2013 ஜனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 ரிங்கிட் என நடைமுறைக்கு வந்தது.