ஆல்பர்ட் நமட்ஜிரா: பாலைவனத்து வெள்ளை மரங்களை வரைந்த ஓவியர், சொந்த நாட்டில் கைதியானது ஏன்?

யூகலிப்டஸ் என்றதும் நமக்கு ஊட்டியும் தைல பாட்டிலும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் குடும்பத்தின் தாய்வீடு ஆஸ்திரேலியா. அங்கே குளிரும் மழையும் கேட்கும் வகைகள் உண்டு. அதற்கு நேர்மாறாக, பாலைவனத்தில் பாறை இடுக்கில் நிற்கும் வகையும் உண்டு. அதன் பெயர் கோஸ்ட் கம், அதாவது 'பேய் மரம்'. பயப்பட ஒன்றுமில்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி அடிமுதல் கிளைவரை வெள்ளையாக இருக்கும், தொட்டால் கையில் மாவு ஒட்டும். நிலா வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் பெயர்க்காரணம் புரிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியில் ஆண்டு மழை சராசரியாக 300 மி.மீ.கூட கிடையாது. சிவப்பு மண், செம்பாறை மலைகள், பெரும்பாலும் மணல் மட்டுமே ஓடும் ஆறுகள். அங்கே இந்த மரம் வேரை ஆழமாக இறக்கி, இலைகளைத் தொங்கவிட்டு வெயிலைத் தவிர்த்துப் பிழைக்கிறது. (1995-ல் தாவரவியலாளர்கள் இதை யூகலிப்டஸ் பேரினத்திலிருந்து எடுத்து கொரிம்பியா என்ற புதிய பேரினத்தில் சேர்த்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது இன்னமும் கம் மரம்தான்.) இந்த மரத்தை உலகத்துக்குக் காட்டியவர் ஆல்பர்ட் நமட்ஜிரா.

யார் இவர்?

1902 ஜூலை 28 அன்று, ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ள ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷனில், அரண்டா பூர்வகுடியில் பிறந்தவர். முதல் பெயர் எலியா. பெற்றோர் கிறிஸ்தவர்களானபோது ஆல்பர்ட் ஆனார். மிஷனில் படிப்பு ஒருபக்கம். 13 வயதில் காட்டுக்குள் போய் தன் இனத்தின் சடங்குகளையும் நிலத்தின் கதைகளையும் கற்றது இன்னொரு பக்கம். 18 வயதில் இல்கலிடா என்ற பெண்ணைக் காதலித்து மணந்தார். உறவுமுறைச் சட்டப்படி அது கூடாத கல்யாணம். அதனால் சில வருடங்கள் மிஷனை விட்டே விலகி, ஒட்டகம் ஓட்டிப் பிழைத்தார்.

அந்த ஒட்டகம்தான் அவரை ஓவியத்துக்கும் கொண்டுபோனது. 1934-ல் ரெக்ஸ் பாட்டர்பீ என்ற ஓவியர் மிஷனில் கண்காட்சி வைத்தார். மரத்துண்டுகளில் சூடு போட்டுப் படம் செதுக்கி விற்றுக்கொண்டிருந்த நமட்ஜிரா அதைப் பார்த்து அசந்துபோனார். 1936-ல் பாட்டர்பீ மறுபடி வந்தபோது ஒரு டீல்: நான் ஒட்டகத்தோடு வழிகாட்டுகிறேன், நீங்கள் வாட்டர்கலர் சொல்லிக்கொடுங்கள். இரண்டு மாதப் பயிற்சி, அவ்வளவுதான். 1938-ல் மெல்பர்னில் முதல் தனிக் கண்காட்சி. 41 ஓவியங்களும் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன.

படங்களில் என்ன இருந்தது? முன்னால் ஒரு வெள்ளை மரம், பின்னால் ஊதாவும் நீலமுமாக மெக்டொனல் மலைத்தொடர். வெள்ளைக்காரப் பாணியைக் காப்பியடிக்கிறார் என்று அன்றைய விமர்சகர்கள் சிலர் ஒதுக்கினார்கள். அது அவசரத் தீர்ப்பு. அவர் வரைந்தது அழகான வியூ பாயின்ட்களை அல்ல. தன் முன்னோரின் கதைகள் படிந்த சொந்த நிலத்தை.

புகழ் வந்தது, உரிமை வந்ததா?

1954-ல் ராணி எலிசபெத்தைச் சந்தித்தார். 1956-ல் வில்லியம் டார்ஜி வரைந்த இவரது உருவப்படம் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ஆர்ச்சிபால்ட் பரிசை வென்றது. ஆனா ஊரில் நிலைமை வேறு. கால்நடை மேய்க்க நிலக் குத்தகை கேட்டார், கிடைக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட நினைத்தார், அதற்கும் அனுமதியில்லை. வருமான வரி மட்டும் கறாராகக் கேட்டார்கள்.

அன்றைய சட்டப்படி வடக்குப் பிரதேசத்தின் பூர்வகுடிகள் கிட்டத்தட்ட எல்லோருமே அரசின் 'பாதுகாப்பில் உள்ளவர்கள்'. எங்கே வசிப்பது, யாரை மணப்பது என்பதைக்கூட அதிகாரிகளே முடிவு செய்யலாம். 1957-ல் நமட்ஜிராவுக்கும் மனைவிக்கும் மட்டும் இதிலிருந்து விலக்கு கிடைத்தது. ஓட்டுப் போடலாம், மது வாங்கலாம். வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த விலக்கு இல்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. அரண்டா வழக்கப்படி கையில் இருப்பதை உறவுக்காரர்களோடு பங்கிட வேண்டும். பங்கிடாதவன் மனுஷனே இல்லை. சம்பாதித்த பணத்தையும் அப்படித்தான் பங்கிட்டுக்கொண்டிருந்தார். ஆனா சட்டப்படி, விலக்கு இல்லாத ஒருவருக்கு மது கொடுத்தால் ஜெயில். 1958-ல் அவர் தங்கியிருந்த முகாமில் ஒரு பெண் கொல்லப்பட்டார். அதையொட்டி, சக ஓவியரான உறவினருக்கு மது கொடுத்ததாக நமட்ஜிரா மீது கேஸ் வந்தது. 6 மாதத் தண்டனை. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது, மேல்முறையீட்டில் 3 மாதமாகக் குறைந்தது. பபுன்யா என்ற குடியிருப்பில் இரண்டு மாதம் காவலில் இருந்து 1959 மே மாதம் வெளியே வந்தவர் உடைந்துபோயிருந்தார். ஆகஸ்ட் 8 அன்று இதய நோயும் நிமோனியாவும் சேர்ந்து உயிரைப் பறித்தன. வயது 57.

அதற்குப் பிறகு?

1983-ல் ஓவியங்களின் காப்புரிமையை அரசு அறங்காவலர் ஒரு பதிப்பக நிறுவனத்துக்கு வெறும் 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். பல ஆண்டுகள் போராடிய பிறகு 2017-ல்தான் அது 1 டாலர் விலையில் குடும்பத்துக்கான அறக்கட்டளைக்குத் திரும்பியது. இடையில் 2013 ஜனவரியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே அவர் ஓவியங்களால் புகழ்பெற்ற இரட்டைக் கோஸ்ட் கம் மரங்கள் எரிந்து கிடந்தன. பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. யாரோ தீ வைத்ததாகவே சந்தேகம்.

2020-ல் ஆர்ச்சிபால்ட் பரிசை முதன்முறையாக ஒரு பூர்வகுடி ஓவியர் வென்றார். பெயர் வின்சென்ட் நமட்ஜிரா, ஆல்பர்ட்டின் கொள்ளுப்பேரன்.